குடும்பத்தோடு அமெரிக்கப் பாலைவன ஊருக்குக் குடிபோகிறீர்களா? எந்த ஊர் என்று முடிவு செய்ய ஒரு முழு வழிகாட்டி

வேலை மாற்றம், வீட்டு விலை, பனிக்காலத்தின் மேல் வந்த அலுப்பு என்று ஏதோ ஒரு காரணத்தால் அமெரிக்காவின் தென்மேற்குப் பக்கம் போய்விடலாமா என்று யோசிக்கும் குடும்பங்கள் நிறைய. ஊர் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் டிசம்பரிலோ பிப்ரவரியிலோதான் போகிறார்கள். அப்போது ஃபீனிக்ஸோ பாம் ஸ்பிரிங்ஸோ, எந்த ஊரும் பிடித்துத்தான் போகும். வானம் நீலமாக இருக்கும், பிள்ளைகள் பூங்காவை விட்டு வர மாட்டார்கள். அந்த மயக்கத்திலேயே வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். தாழ்வான பாலைவன ஊர்களில் அக்டோபர் முதல் மே வரை எங்கே இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை உங்கள் பிள்ளைகள் எப்படி வாழ்வார்கள், குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் ஊரை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள வரிசையும் அதை ஒட்டியதுதான். முதல் இரண்டு படிகளில் தேறாத ஊரை, பள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம்.

படி 1: முதலில் உயரத்தைப் பாருங்கள்

பாலைவனம் என்றால் எல்லாம் ஒரே வெயில் என்று நினைக்க வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம் என்பதுதான் கோடையை முடிவு செய்கிறது. 1,000 அடி ஏறினால் தோராயமாக 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் குறையும். அரிசோனாவின் யூமா சுமார் 140 அடியில் இருக்கிறது, கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் 480, அரிசோனாவின் ஃபீனிக்ஸ் 1,100, நெவாடாவின் லாஸ் வேகஸ் 2,000, அரிசோனாவின் டூசான் 2,400, யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் 2,800, டெக்சாஸின் எல் பாஸோ 3,700, நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் 3,900, அரிசோனாவின் சியரா விஸ்டா 4,600, நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி 5,300. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, உங்களால் எந்த உயரத்துக்குக் கீழே போக முடியாது என்று வீட்டில் பேசி ஒரு கோடு போடுங்கள்.

பகல் வெயிலைவிட முக்கியம், ராத்திரி எவ்வளவு குளிர்கிறது என்பது. ஜூலையில் ஆல்புகர்க்கியில் பகலில் 93, 94 ஃபாரன்ஹீட் போனாலும் ராத்திரி 68 வாக்கில் இறங்கிவிடும், அதாவது சுமார் 20 செல்சியஸ். ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம், காலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். ஃபீனிக்ஸில் அதே மாதம் சராசரி ராத்திரி வெப்பமே 84, 85-ஐ ஒட்டித்தான். பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட்டும் தார் ரோடும் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், ஒன்பது மணிக்குப் பிள்ளையைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனாலும் 100-க்கு மேல் நிற்கும் நாட்கள் உண்டு. 2023-ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 ஃபாரன்ஹீட்டை (43 செல்சியஸ்) தொட்டது. 2024-ல் மொத்தம் 70 நாள் அந்த அளவை எட்டியது, தொடர்ச்சியாக 113 நாள் பகல் உச்ச வெப்பம் 100-க்குக் குறையவில்லை. அதே ஆண்டு ஜூலை 7 அன்று லாஸ் வேகஸ் தன் வரலாற்றிலேயே அதிகபட்சமாக 120-ஐத் தொட்டது. ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிக்கோப்பா கவுண்டியில் 2023-ல் மட்டும் வெப்பம் தொடர்பான மரணங்கள் 645. அதில் வீடில்லாதவர்கள் நிறைய என்பது உண்மை. ஆனால் வீட்டுக்குள், ஏ.சி. ஓடாத நிலையில் இறந்தவர்களும் உண்டு, அவர்களில் வயதானவர்கள் அதிகம். தாத்தா பாட்டியை உடன் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை மனதில் வையுங்கள்.

உயரமான ஊருக்கும் ஒரு விலை உண்டு. ஆல்புகர்க்கியில் குளிர்காலத்தில் ராத்திரி உறைநிலைக்குக் கீழே போகும், அவ்வப்போது பனியும் விழும். பனி வேண்டவே வேண்டாம் என்று கிளம்புகிறவர்களுக்கு டூசான், லாஸ் குரூசஸ் போன்ற நடுத்தர உயரம் ஒத்துவரும்.

படி 2: தண்ணீர். இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்

கேள்வி இரண்டு. ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? இந்தக் குறிப்பிட்ட வீட்டுக்குத் தண்ணீர் தரச் சட்டப்படி யாருக்குப் பொறுப்பு? முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள், ஆனால் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

கொலராடோ ஆற்றை 1922 ஒப்பந்தப்படி மாநிலங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அன்றைக்குக் கணக்கிட்ட அளவு தண்ணீர் இன்றைக்கு ஆற்றில் ஓடுவதில்லை. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றின் லேக் மீட் அணை நீர்மட்டம் இறங்கியதால் வரலாற்றிலேயே முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு முதல் வெட்டு அமலுக்கு வந்தது. அதில் பெரிய அடி அரிசோனாவுக்குத்தான். ஆற்றுத் தண்ணீரை ஃபீனிக்ஸ், டூசான் பக்கம் கொண்டுவரும் 336 மைல் கால்வாய்க்கு 1968-ல் அனுமதி வாங்கும்போதே, பற்றாக்குறை வந்தால் கலிஃபோர்னியாவுக்குக் கொடுத்த பிறகுதான் தனக்கு என்று அரிசோனா ஒப்புக்கொண்டிருந்தது.

லாஸ் வேகஸைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. நீரூற்றுகளைப் பார்த்துவிட்டு, இந்த ஊர்தான் முதலில் வறண்டுபோகும் என்பார்கள். அந்த ஊர் தன் தண்ணீரில் ஏறத்தாழ 90 சதவீதத்தை அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கிறது, நெவாடாவின் பங்கும் மிகச் சிறியதுதான். ஆனால் வீட்டுக்குள் சாக்கடையில் இறங்கும் தண்ணீர் ஏறக்குறைய முழுவதையும் சுத்திகரித்து லேக் மீடுக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அணை மிகவும் இறங்கினாலும் அடியிலிருந்து தண்ணீரை இழுக்கத் தனி பம்பு நிலையமே கட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் நடமாடாத அலங்காரப் புல்வெளிகளை அகற்ற 2021-ல் சட்டமும் போட்டார்கள். தண்ணீரை நிர்வகிப்பதில் பொறுப்பான ஊர் என்றே சொல்வேன். எல் பாஸோவும் அப்படித்தான், உப்பு கலந்த நிலத்தடி நீரைக் குடிநீராக்கும் பெரிய ஆலையை 2007-லேயே திறந்துவிட்டது. டூசான், கால்வாயில் வரும் தண்ணீரை நகருக்கு மேற்கே உள்ள பள்ளத்தாக்கில் நிலத்துக்குள் இறக்கிச் சேமித்து, பிறகு எடுத்துக்கொள்கிறது.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். அரிசோனாவில் 1980-ல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தின்படி, கட்டுப்பாட்டுப் பகுதிகளில் புதிய குடியிருப்புப் பிரிவு போட வேண்டுமென்றால் 100 ஆண்டுக்குத் தண்ணீர் இருப்பதை நிரூபிக்க வேண்டும். நல்ல சட்டம். 2023 ஜூனில், ஃபீனிக்ஸ் பகுதியில் நிலத்தடி நீரை மட்டுமே நம்பும் புதிய குடியிருப்புகளுக்கு இனி அந்தச் சான்றிதழ் கிடையாது என்று மாநில அரசு நிறுத்தி வைத்தது. ஆனால் ஒரு ஓட்டை உண்டு: நிலத்தை ஐந்து அல்லது அதற்கும் குறைவான மனைகளாகப் பிரித்து விற்றால் இந்த நிபந்தனை பொருந்தாது. அப்படி உருவானதுதான் ஃபீனிக்ஸின் பக்கத்து நகரமான ஸ்காட்ஸ்டேலை ஒட்டிய ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ். நூற்றுக்கணக்கான வீடுகள் டேங்கர் லாரித் தண்ணீரை நம்பி இருந்தன. 2023 ஜனவரி 1 முதல் ஸ்காட்ஸ்டேல் நகரம் அந்த லாரிகளுக்குத் தண்ணீர் தருவதை நிறுத்தியது. லட்சக்கணக்கான டாலர் போட்டு வீடு வாங்கியவர்கள் குளிப்பதற்குக் கணக்குப் பார்க்க வேண்டி வந்தது. மாநிலம் தனியாகச் சட்டம் போட்ட பிறகுதான் தற்காலிக வழி பிறந்தது. அந்த வீடுகளுக்கு ஸ்காட்ஸ்டேல் பின்கோடுதான் இருந்தது, ஆனால் நகர எல்லைக்குள் அவை இல்லை. வீட்டு விளம்பரத்தில் இந்த வித்தியாசம் தெரியாது.

அதனால் வீடு பார்க்கும் முன்பே, வீட்டு முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள், ஏஜென்ட் சொல்வது போதாது. இந்த முகவரிக்கு உங்கள் குழாய் இணைப்பு இருக்கிறதா, 100 ஆண்டுச் சான்று நகரத்தின் பெயரில் இருக்கிறதா அல்லது இந்தக் குடியிருப்புக்கு மட்டுமா, ஆற்றுத் தண்ணீரா கிணற்றுத் தண்ணீரா என்று கேளுங்கள். கிணறு என்றால் எத்தனை அடி ஆழம், தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, பத்து வருடம் முன்பு எங்கே நின்றது என்பதையும் கேட்க வேண்டும். அரிசோனாவின் கிணற்றுப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். பெரிய பண்ணைகள் ஆழ்துளை போட்டு உறிஞ்சும் வில்காக்ஸ் போன்ற பகுதிகளில் வீட்டுக் கிணறுகள் வற்றியிருக்கின்றன, நிலமே கீழிறங்கி நீளமான வெடிப்புகள் விட்டிருக்கின்றன. வெடிப்புகளின் வரைபடத்தை மாநில நிலவியல் துறை வெளியிட்டிருக்கிறது, மனை வாங்கும் முன் அதையும் பாருங்கள்.

படி 3: காற்று

வேலி ஃபீவர் என்ற பெயரை அங்கே போகும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் வித்துகள் புழுதியோடு நுரையீரலுக்குள் போவதால் வரும் நோய் இது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நாட்டில் பதிவாகும் நோயாளிகளில் மிகப் பெரும்பாலானோர் அரிசோனா, கலிஃபோர்னியா இரண்டிலும்தான். அரிசோனாவில் ஃபீனிக்ஸ், டூசான், இடைப்பட்ட பினால் கவுண்டி, கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்ட் இருக்கும் கெர்ன் கவுண்டி. பலருக்கு அறிகுறியே இல்லாமல் போய்விடும். சிலருக்கு வாரக்கணக்கில் இருமல், காய்ச்சல், அசதி. கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குத் தீவிரமாகலாம். சாதாரண நிமோனியா என்று நினைத்து ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருப்பது நடக்கிறது, அதனால் இருமல் நீண்டால் வேலி ஃபீவருக்கான ரத்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள்.

பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் கலிஃபோர்னியாவின் சால்டன் சீ ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. ஏரி சுருங்கிக்கொண்டே வருகிறது, காய்ந்த அடிமண் காற்றில் பறக்கிறது, இம்பீரியல் பள்ளத்தாக்கில் குழந்தைகளின் ஆஸ்துமா நீண்ட காலப் பிரச்சினை. வீட்டு விலை குறைவாக இருப்பதைப் பார்த்து அங்கே ஈர்க்கப்படுவார்கள். பிள்ளையின் மூச்சை ஈடாக வைத்து மிச்சப்படுத்தும் அளவுக்கு அந்தப் பணம் பெரிதல்ல.

ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் இடையே ஐ-10 நெடுஞ்சாலையில் தினமும் போய்வர வேண்டிய வேலை என்றால் புழுதிப் புயலையும் கணக்கில் எடுங்கள். புயல் வந்தால் சாலையை விட்டு முழுவதும் ஒதுங்கி நின்று, விளக்கை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து அதுதான் பாதை என்று வந்து மோதக்கூடாது என்பதற்காக. பருவமழைக் காலத்தில் திடீர் வெள்ளமும் உண்டு. தடுப்பு வைத்த ஓடைக்குள் காரை விட்டு மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை ஓட்டியவரிடமே வசூலிக்க அரிசோனாவில் சட்டமே இருக்கிறது.

படி 4: மருத்துவமனை எவ்வளவு தூரம்

அழகான சிறிய ஊர்கள் பல இங்கேதான் கழன்றுகொள்கின்றன. ஃபீனிக்ஸ், டூசான், ஆல்புகர்க்கி, எல் பாஸோ ஆகியவற்றில் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை உள்ளூரிலேயே கிடைக்கும். லாஸ் குரூசஸ்காரர்கள் சுமார் 45 மைல் ஓட்டினால் எல் பாஸோ, சியரா விஸ்டாவிலிருந்து டூசான் 75 மைல். செயின்ட் ஜார்ஜில் நல்ல பிராந்திய மருத்துவமனை இருக்கிறது, ஆனால் குழந்தைகளுக்கான சிறப்புச் சிகிச்சைக்கு லாஸ் வேகஸ் 120 மைல், அல்லது சால்ட் லேக் சிட்டி பக்கம் 300 மைல். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால், நாடு முழுவதும் சிறிய ஊர் மருத்துவமனைகளில் பிரசவப் பிரிவு மூடப்பட்டுவருவதை நினைவில் வைத்து, அந்த ஊரில் இப்போது பிரசவம் பார்க்கிறார்களா என்று போன் செய்து கேட்டுவிடுங்கள்.

படி 5: பள்ளி

தேர்வு முடிவு, மதிப்பெண் எல்லாம் நீங்களே பார்ப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். பாலைவனத்துக்கே உரிய விஷயங்கள் சில. ஃபீனிக்ஸ் பக்கம் பல பள்ளிகள் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ திறந்துவிடும், அதாவது கொடும் வெயிலில்தான் பள்ளி ஆண்டு ஆரம்பம். விளையாட்டுத் திடலுக்கு மேல் நிழல் கூரை இருக்கிறதா, எத்தனை டிகிரிக்கு மேல் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை, அந்த நாட்களில் ஓடியாட உள்ளரங்கம் உண்டா, பேருந்தில் ஏ.சி. வேலை செய்கிறதா என்று கேளுங்கள். அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் சிறிய ஊர்கள் பலவற்றில் பள்ளி வாரத்துக்கு நாலு நாள்தான். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஐந்தாவது நாள் பிள்ளையை யார் பார்ப்பது? லாஸ் வேகஸில் கவுண்டி முழுவதற்கும் ஒரே பள்ளி மாவட்டம், ஃபீனிக்ஸைச் சுற்றியோ டஜன்கணக்கில் மாவட்டங்கள், தெரு மாறினால் மாவட்டம் மாறும்.

படி 6: வீடும் தெருவும்

மேற்கு பார்த்த பெரிய ஜன்னலும் மேற்கு பார்த்த பின்முற்றமும் உள்ள வீட்டைத் தவிருங்கள்; மாலை ஐந்து மணி வெயில் நேராக உள்ளே வரும். ஏ.சி. எந்த வருடத்து இயந்திரம், கூரையில் காப்பு எவ்வளவு தடிமன் என்று கேளுங்கள். போன ஜூலை, ஆகஸ்ட் மின்கட்டண ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், தயங்குகிறார்கள் என்றால் அதுவே ஒரு பதில். ஆல்புகர்க்கிப் பக்கம் பழைய வீடுகளில் ஏ.சி.க்குப் பதில், ஈரப் பட்டை வழியாகக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் ஸ்வாம்ப் கூலர்தான் இருக்கும். வறண்ட ஜூனில் குறைந்த மின்சாரத்தில் அருமையாக வேலை செய்யும், ஜூலையில் பருவமழை ஈரப்பதம் வந்துவிட்டால் அதன் வலு குறைந்துவிடும்.

நீச்சல் குளம் இருக்கும் வீடு என்றால் ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது. ஆறு வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில் குளத்தைச் சுற்றிக் குறைந்தது 5 அடித் தடுப்பு வேண்டும் என்று அரிசோனா சட்டமே சொல்கிறது. வீட்டின் பின்கதவு நேராகக் குளத்தில் திறக்கிறதா என்று பாருங்கள், தானாகப் பூட்டிக்கொள்ளும் கேட் உள்ள வேலியைக் குடிபோவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இருட்டிய பிறகு ஒரு யூவி டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டின் வெளிச்சுவரையும் காம்பவுண்டுச் சுவரையும் சுற்றி வந்தால், தேள்கள் பச்சை கலந்த நீலமாக ஒளிரும். அரிசோனா பார்க் (bark, அதாவது மரப்பட்டை) தேள் சுவரேறும், சின்னக் குழந்தைகளுக்கு அதன் கடி ஆபத்தானது. ஒன்றிரண்டு தென்பட்டால் பயப்பட வேண்டாம், கதவு இடுக்குகளை அடைத்தால் சமாளிக்கலாம். சுவர் முழுக்க ஒளிர்ந்தால் வேறு வீடு பாருங்கள். அப்புறம் தெருவில் மரம். பெரிய மரங்கள் நிழல் விரிக்கும் பழைய தெருவும், சரளைக்கல் பரப்பிய புதுக் குடியிருப்பும் ஒரே ஊரில் இருந்தாலும் பிள்ளைகளுக்கு இரண்டும் வேறு வேறு வாழ்க்கை.

படி 7: ஜூலையில் போய்த் தங்குங்கள்

இரண்டு, மூன்று ஊராகச் சுருங்கிய பிறகு, ஜூலையில் பிள்ளைகளோடு போய், ஹோட்டலில் இல்லாமல் ஒரு வாடகை வீட்டில் சில நாள் இருங்கள். காலை ஐந்தரைக்கு வெளியே வந்து பாருங்கள், அங்குள்ள குடும்பங்கள் நாயோடும் தள்ளுவண்டியோடும் அப்போதே நடந்துகொண்டிருக்கும். மதியம் மூன்று மணிக்கு, வெயிலில் நின்ற காரில் பிள்ளையை உட்கார வைத்துப் பெல்ட் போட முயலுங்கள். பக்கிளின் உலோகத்தைத் தொட முடியாது, மேலே துணி போட்டு மூடி வைக்கும் பழக்கம் அங்கே ஏன் என்று அப்போது புரியும். குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் வரும், தாழ்வான ஊர்களில் கோடை முழுக்க அப்படித்தான். ஒரு மதியம் முழுக்கப் பிள்ளைகளை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று தேடுங்கள்: நூலகம், உள்ளரங்க விளையாட்டு மையம், நகராட்சி நீச்சல் குளம். இவை பத்து நிமிட ஓட்டத்தில் இருக்கும் ஊரும் நாற்பது நிமிடத்தில் இருக்கும் ஊரும் கோடையில் ஒன்றல்ல.

என் கையில் முடிவு இருந்தால்

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் லாஸ் குரூசஸ் அல்லது ஆல்புகர்க்கி. வெளியே ஓடி விளையாடும் வயதில் நாலு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டாம். வேலை ஃபீனிக்ஸின் தென்கிழக்குப் புறநகர்ச் சிப் தொழிற்சாலைகளில் என்றால் அங்குள்ள சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் போகத்தான் வேண்டும்; பள்ளிகளும் மருத்துவமனைகளும் நன்றாக இருக்கின்றன, கோடைக்கு மட்டும் பட்ஜெட்டிலும் மனதிலும் தனியாக இடம் ஒதுக்குங்கள், ஜூலையில் இரண்டு வாரமாவது ஃபிளாக்ஸ்டாஃப் மாதிரி 7,000 அடி உயர ஊருக்கு ஏறிப் போய்வாருங்கள். இரண்டுக்கும் நடுவில் எனக்கு மிகவும் பிடித்தது டூசான்: பல்கலைக்கழகம், மருத்துவமனை, நிலத்துக்குள் சேமித்த தண்ணீர் எல்லாம் இருக்கின்றன, வெயிலும் ஃபீனிக்ஸைவிட ஒரு படி குறைவு. எந்த ஊரானாலும் முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். ஒரு முழுக் கோடையைக் கழிக்காமல் வீடு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

பள்ளி ஆகஸ்டில் திறப்பதால் பெரும்பாலோர் ஜூன், ஜூலையில்தான் குடிபோக நேர்கிறது. சாமான் லாரியின் பெட்டிக்குள் ஏ.சி. கிடையாது, மருந்துகள், மெழுகுவர்த்தி, பேட்டரிகள், ஸ்பிரே டப்பாக்கள், லேப்டாப் எதையும் அதில் ஏற்றாமல் காரில் உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். மின் இணைப்பை ஒரு நாள் முன்னதாகவே வாங்கி, ஏ.சி.யை ஓடவிட்டு வீட்டைக் குளிர்வித்து வையுங்கள், சாமான் இறக்குபவர்களை விடியற்காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லுங்கள்.